ஐயாயிரம் ரூபாய் பியூஸும் பாலக்கோட்டு மின்சாரமும்

ஓசூரில் வேலை பார்க்கும் என் மைத்துனர், சென்ற மாதம் பாலக்கோட்டுக்கு வந்தபோது, நகைப் பெட்டி போன்ற ஒரு சிறு டப்பாவைத் திறந்து ஒரு பியூஸைக் காட்டினார். 20 மில்லிமீட்டர் நீளமும் 5 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட, எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் அதே அளவுதான். அவர் கொடுத்திருந்த விலையோ ஐயாயிரம். "மாமா, இதை உங்க பாட்டு ஆம்ப்ளிபையர்ல போட்டுக் கேளுங்க, பாடறவங்க கூடத்துல உக்காந்து பாடற மாதிரி இருக்கும்" என்றார்.

பியூஸை மாற்றுவதால் ஒலி மேம்படாது என்பதே என் கருத்து. 2 ஆம்பியர் பியூஸின் மின்தடை ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிபையர் அரை ஆம்பியர் இழுத்தால், அதில் குறையும் மின்னழுத்தம் 25 மில்லிவோல்ட், அதாவது 230 வோல்ட்டில் ஏறத்தாழ ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கு. எங்கள் தெருவிலோ, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கினாலே குண்டு பல்பு மங்கிவிடுகிறது. இத்தனை ஏற்ற இறக்கத்தையும் ட்ரான்ஸ்பார்மரும் அதற்கடுத்த பெரிய கெப்பாசிட்டர்களும் தாங்கிச் சமன்செய்த பிறகே ஒலிக்குரிய சுற்றுக்கு மின்சாரம் போய்ச் சேருகிறது என்னும்போது, மின்சாரம் நுழையும் வாசலில் நிற்கும் அரை அங்குலக் கம்பி பாடகரின் குரலைத் திருத்தும் என்பதை நான் எப்படி ஏற்பது?

அந்தப் பியூஸின் மேல் ஓர் அம்புக்குறி வேறு இருந்தது. நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் போய்வரும் மாறுதிசை மின்சாரத்துக்கு அது எந்தத் திசையைக் காட்டுகிறது என்று கேட்டேன்; மைத்துனர் சிரித்துவிட்டார்.

இருந்தாலும் கேட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதால், அவரை ஆம்புக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எது உள்ளே இருக்கிறது என்று சொல்லாமல் பத்து முறை பியூஸ் போட்டேன். ஐந்து முறை சரியாகச் சொன்னார். பூவா தலையா போட்டிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும்.

புதிய பியூஸ் போட்டதும் ஒலி மாறியதாகச் சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. என் ஆம்பிலேயே பியூஸைப் பிடிக்கும் பித்தளைக் கவ்விகள் பச்சை பூத்துத் தளர்ந்திருந்தன. கழற்றி மாட்டும்போதே அந்த இடம் சற்றுத் தேய்ந்து சுத்தமாகி, இடையிடையே வந்த கரகரப்பு நின்றது. அந்தப் பெருமை பத்து ரூபாய் பியூஸுக்கும் உரியதுதான். ஸ்பீக்கர் வழியில் பியூஸ் இருக்கும் கருவிகள் வேறு வகை: அங்கே பாட்டின் மின்னோட்டமே அதன் வழியாகப் போவதால், பலத்த பேஸுக்குக் கம்பி சூடாகி ஆறி, மின்தடை கூடிக் குறைந்து, கருவியால் அளக்கக்கூடிய சிறு பிசிறு உண்டாவது உண்மை. மைத்துனர் வாங்கி வந்தது அந்த இடத்துக்கானது அன்று.

எனக்கு உண்மையில் கவலை தந்தது வேறொன்று. ட்ரான்ஸ்பார்மர் உள்ள ஆம்புக்கு, சுவிட்ச் போட்டதும் பாயும் மின்னோட்டத்தைச் சற்று நேரம் பொறுத்துக்கொள்ளும் 'டி' (T) வகைப் பியூஸ் வேண்டும். அவருடைய ஐயாயிரம் ரூபாய்ப் பொருளின் மூடியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். அம்புக்குறி பளிச்சென்று இருந்தது, 'டி' என்ற எழுத்தோ வோல்ட் அளவோ எங்கும் இல்லை. அன்றிரவே கழற்றி டப்பாவில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.