எட்டு லைட்டும் எரியுதுங்களாமா!

"எட்டு லைட்டும் எரியுதுங்க, அப்பறம் என்னங்க வேணும்?"

திருப்பூர் பனியன் கம்பெனியோ, சோமனூர் தறி குடோனோ, கம்ப்யூட்டருக்கும் கேமராவுக்கும் நெட்வொர்க் கேபிள் இழுக்க வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் பில்லோட சேத்துத் தர்ற ஒரே உத்தரவாதம் இதுதான். ஏனுங்க, கேபிளுக்குள்ள இருக்கற எட்டுக் கம்பிக்கும் ஒவ்வொரு லைட் எரிய வெக்கற அந்தச் சின்ன டெஸ்டர் பாக்கறது ஒண்ணே ஒண்ணு: இந்தக் கோடிக் கம்பி அந்தக் கோடியில அதே நம்பர்ல தொட்டிருக்குதா. டேட்டா ஒழுங்காப் போகுமான்னு அதுக்கென்ன தெரியும்?

மொதல்ல கலர் வரிசை. "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டாச் செரிங்க"ன்னு ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடின்னு பக்கம் பக்கமா அடுக்கி கோடியில இருக்கற கனெக்டர்ல கிரிம்ப் பண்ணி (அழுத்திக் கடிக்க வெச்சு) விட்டுடறாங்க. டெஸ்டர் எட்டையும் காட்டும், காட்டத்தானே செய்யும்! ஆனா கனெக்டரைச் சொருகற போர்ட்டு ஜோடி சேக்கறது 1-2, 3-6, 4-5, 7-8. இப்படி அடுக்குனா 3ல வெள்ளைப்பச்சை, 6ல நீலம். ஒண்ணோட ஒண்ணு முறுக்கே இல்லாத ரெண்டு கம்பி. முறுக்கி வெச்சதே, வெளிய இருந்து வர்ற மின் இரைச்சல் ரெண்டு கம்பியிலயும் ஒரே அளவு ஏறி, கழிச்சுப் பாக்கறப்ப இல்லாமப் போகோணும்னுதான். அதைப் பிரிச்சா பக்கத்து ஜோடி சிக்னல் இதுல வந்து ஏறிக்கும். 2 மீட்டர் வயர்ல தெரியாது, 60 மீட்டர்ல பில்லிங் சாப்ட்வேர் தொங்கும். வெள்ளைஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைபிரவுன், பிரவுன். டி568பிங்கற தர வரிசை இதுதான். இதை மனப்பாடம் பண்ண அரை நாள் ஆகுமா?

அடுத்தது வயரே மோசடி. 305 மீட்டர் பெட்டி மேல கேட்6ங்கற கேபிள் ரகத்தோட அச்சு, உள்ள செம்பு முலாம் பூசுன அலுமினியம். கேட்6னா முழுச் செம்பா இருக்கோணும்ங்கறதுதான் தரவிதி. அந்த அலுமினியக் கம்பிக்கு மின்தடை செம்பைக் காட்டி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. டேட்டா கேபிள்லயே கரண்ட்டையும் அனுப்பற சாதா பிஓஇல, கேபிளையெல்லாம் ஒண்ணு சேக்கற நெட்வொர்க் ஸ்விட்ச் 15.4 வாட் விட்டா, 100 மீட்டர் தள்ளி கேமராவுக்கு 12.95 வாட் சேரும்னு போட்ட கணக்கெல்லாம் நல்ல செம்புக்குத்தான். அலுமினியத்துல வோல்ட் வழியிலயே கரைஞ்சுரும். பகல்ல படம் ஜோராத் தெரியும். இருட்டி அகச்சிவப்பு லைட் போட்டதும் கரண்ட் பத்தாம கேமரா அணைஞ்சு அணைஞ்சு எந்திரிக்கும். திருடன் வர்ற நேரம் பாத்து! "கேமரா பீசுங்க மோசம்"பாங்க. பிளேடால கம்பியைச் சுரண்டுங்க. உள்ள வெள்ளையா மின்னுச்சுன்னா பெட்டியைத் திருப்பி அனுப்புங்க.

கிரிம்ப் வேலை இன்னும் கொடுமை. முறுக்கை அரை இஞ்சுக்கு மேல பிரிக்கக் கூடாது. இவங்க ரெண்டு இஞ்ச் பிரிச்சு வெக்கறாங்க. வெளித்தோல் கனெக்டருக்குள்ள போய்க் கடிபடோணும். அது வெளியிலயே நின்னா எட்டு மெல்லிசுக் கம்பிதான் மொத்தப் பாரத்தையும் தாங்கும், கூட்டறவங்க விளக்குமாறு பட்டாலே ஒண்ணு விடும். ஜிகாபிட் (1 ஜிபிபிஎஸ்) வேகத்துக்கு நாலு ஜோடியும் வேணும், ஒண்ணு விட்டா 100 எம்பிபிஎஸ்ஸுக்கு எறங்கிரும், இல்லாட்டி லிங்க்கே போயிரும். கேட்6 கம்பி தடிமன் சாஸ்தி, மெல்லிசுக் கம்பி இருக்கற கேட்5இ ரகத்துக் கனெக்டர்ல திணிச்சா பின் ஒழுங்கா ஏறாது.

தறி மோட்டார் வயரும் இதுவும் ஒரே பைப்புல. தகர ஷெட்டு மேல வெயில்ல வீட்டுக்குள்ள போடற பிவிசி கேபிள், தோல் வெடிச்சு மழைத்தண்ணி உள்ள. காலி போர்ட்டெல்லாம் பஞ்சு. எங்க போய்ச் சொல்றதுங்க.

எல்லாக் கோளாறுக்கும் அவங்க கிட்ட ஒரே வைத்தியம்: "ஸ்விட்ச்சை மாத்திப் பாருங்க." மாத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் லிங்க் ஸ்பீடு 1 ஜிபிபிஎஸ் காட்டுதான்னு பாருங்க. ஒரு பெரிய பைலை அந்தக் கோடிக்குக் காப்பி பண்ணச் சொல்லுங்க. கேமரா எல்லாம் ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும். அதுவரைக்கும் பில்லு மேசை மேலயே கெடக்கட்டும்.