வாங்குமுன் பழைய பிளான் ஒன்றைக் கீறிப் பாருங்கள்

காணி அளவை வேலைக்கு, கணினியில் பிளான் கீறுகிற காட் (CAD) மென்பொருள்களில் விலை குறைந்ததே காணும் என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழில் செய்கிறவன் என்ற முறையில் எனக்கும் அதே எண்ணம்தான். எங்கள் பிளான்களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று பரப்புக் காணி (பரப்பு எங்கள் ஊர் நில அளவு), ஒரு கிணறு, அதற்குப் போகிற வழி, நாலு பக்கமும் வேலி. முப்பரிமாண வசதிக்குக் காசு கொட்டத் தேவையில்லை.

லிப்ரேகாட் என்ற காட் மென்பொருள் முற்றிலும் இலவசம். ஆனால் அதில், ஆட்டோகாட் பாவிக்கிறவர்கள் வழமையாகச் சேமிக்கிற டிடபிள்யூஜி (DWG) வகைக் கோப்பாகச் சேமிக்க முடியாது, டிஎக்ஸ்எஃப் (DXF) என்ற வேறு வகை மட்டும்தான். கட்டடப் படம் கீறுகிறவர்களோடு கோப்பு மாற்றும்போது இது பெரிய தலையிடி.

வாங்குமுன் உங்களிடம் உள்ள பழைய பிளான் ஒன்றின் புள்ளிகளைப் போட்டுப் பாருங்கள். இலங்கை அளவையில் பாவிக்கிற எஸ்எல்டி99 (SLD99) முறையில் புள்ளியின் இடத்தைச் சொல்லும் ஆள்கூறுகள் ஆறு இலக்கத்தில் வரும், அதைத் தடுமாறாமல் ஏற்கிறதா? பரப்பளவு சதுர மீற்றரில்தான் வரும். 252.9 ஆல் பிரித்தால் பரப்பு, மிச்சத்தை 14.05 ஆல் பிரித்தால் அதிலும் சிறிய அளவான குழி. காணி உறுதியில் உள்ள விஸ்தீரணத்தோடு அது ஒத்துவரவேண்டும்.

அப்புறம், தமிழ் எழுத்து. திரையில் வடிவாகத் தெரிவது பிடிஎஃப்பில் கொம்பு வேறு எழுத்து வேறாக வரலாம். கட்டாயம் ஒரு தாள் அச்சடித்துப் பாருங்கள். இளம் அளவையாளர்கள் கடன்பட்டு மென்பொருள் வாங்குவதைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது.