படுக்கையறைக்கு ஒரு நல்ல சின்ன டிவி கேட்டது குற்றமா?

வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் படுக்கையறை என்பது எவ்வளவு பெரியது என்று தொலைக்காட்சி தயாரிப்பவர்களிடம் யாராவது சொல்ல மாட்டார்களா? கட்டிலும் பீரோவும் போட்ட பிறகு எங்கள் அறையில் மிஞ்சுவது, பீரோவுக்கும் சன்னலுக்கும் நடுவே இரண்டரை அடிச் சுவர். 32 அங்குல டிவி அதில் அடங்கும். 43 அங்குலத்தின் அகலமோ மூன்றடியைத் தாண்டிவிடும். இந்த எளிய கணக்கை எந்தக் கடையில் சொன்னாலும், விற்பனையாளர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா 43 வந்துடும் சார்" என்கிறார். பணத்தைப் போடலாம், சுவருக்கு எங்கே போவது?

பெரிய டிவியை விற்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. சிறியதைக் கேட்பவனுக்குக் கழிசடையே போதும் என்று சந்தை மொத்தமும் முடிவெடுத்துவிட்டதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கடையில் வரிசையாக மாட்டியிருக்கும் 32 அங்குல டிவிகளில் பெரும்பாலானவை 1366 × 768 புள்ளிகள் கொண்டவை, அதாவது மொத்தப் புள்ளிக் கணக்கில் ஃபுல் எச்டியில் (1920 × 1080) ஏறக்குறையப் பாதி. அதற்கு 'எச்டி ரெடி' என்று பட்டம் வேறு. உள்ளங்கைக்குள் அடங்கும் செல்போன்களில் பலவற்றுக்கு ஃபுல் எச்டி திரை கிடைக்கும்போது, இரண்டரை அடிச் சுவரை நிறைக்கும் டிவிக்கு ஏன் கிடைக்கக்கூடாது? பல மாடல்களில் ரேமும் 1 ஜிபிதான், சேமிப்பிடம் 8 ஜிபிதான். நாலு செயலிகளைப் போட்டால் ரிமோட்டை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடித்து வரலாம்.

2025 செப்டம்பர் 22-இல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 32 அங்குலத்துக்கு 2019 ஜனவரியிலிருந்தே 18 என்பதால் அதனால் எனக்கு ஒரு காசு மிச்சமில்லை; பெரியதைத் தலையில் கட்டுவதற்கு விற்பனையாளருக்கு இன்னொரு காரணம் கிடைத்ததுதான் மிச்சம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், திரையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காததைத்தான் பொறுக்க முடியவில்லை. படுக்கையறையில் யாரும் டிவிக்கு நேர் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதில்லை. ஒருவர் தலையணையில் சாய்ந்து கீழிருந்து பார்ப்பார், இன்னொருவர் கட்டிலின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் பார்ப்பார். எல்சிடி திரைகளில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு முக்கிய வகைகள் உண்டு. விஏ வகைத் திரையில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் கோணம் மாறினால் நிறம் வெளுத்துவிடும்; ஐபிஎஸ் வகையில் கறுப்பு சற்றுச் சாம்பல் பூத்தாலும், சாய்ந்து பார்ப்பவருக்கு முகம் முகமாகத் தெரியும். ஆகவே இந்த அறைக்கு வாங்குபவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே, இது எந்த வகைத் திரை என்பதுதான். கேட்டால், "ஏ பிளஸ் பேனல் சார்" என்று பதில் வருகிறது. நான் என்ன மதிப்பெண் பட்டியலா கேட்டேன்? அட்டைப்பெட்டியைத் திருப்பினால் இரண்டு வகையிலும் பார்க்கும் கோணம் 178 டிகிரி என்றே போட்டிருக்கிறார்கள். மாறுபாட்டு விகிதம், அதாவது திரையின் வெள்ளை அதன் கறுப்பைவிட எத்தனை மடங்கு ஒளிர்கிறது என்ற கணக்கு, 10:1 ஆகச் சரியும் வரைக்கும் உள்ள கோணத்தையெல்லாம் பார்க்கத்தக்க கோணம் என்று கணக்கில் சேர்ப்பது இத்துறையின் வழக்கம். நேரே பார்க்கும்போது விஏ திரையில் அந்த விகிதம் 3000:1 அளவில் இருக்கும் என்றால், 178 என்ற எண்ணுக்கு என்ன மரியாதை என்று நீங்களே சொல்லுங்கள். கடையிலேயே குனிந்து பார்க்கலாம் என்றால், பட்டப்பகல் போன்ற வெளிச்சத்தில், கடைக்கான பயன்முறையில், உச்ச ஒளிர்வில் கிளியும் பூவும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரவு பதினொரு மணிக்கு விளக்கணைத்த அறையில் இது கண்ணைக் குத்துமா என்பதை அங்கே எப்படித் தெரிந்துகொள்வது?

ஒலியிலும் இதே அலட்சியம்தான். பக்கத்தில் குழந்தை தூங்கும் அறைக்கு வாங்குகிறோம். பழைய பெட்டி டிவிகள் பலவற்றில் முன்பக்கத்திலேயே இருந்த ஹெட்போன் துளை இன்றைய மாடல்கள் பலவற்றில் காணவே காணோம். ரிமோட்டில் மட்டும், நான் சந்தா கட்டாத ஓடிடிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பொத்தான் வைக்க இடம் இருந்திருக்கிறது. துளை எங்கே என்று கேட்டதற்கு, டிவியின் ஆப்டிகல் துளையில் ஒளியாக வரும் ஒலியை ஹெட்போனுக்கு ஏற்ப மாற்றித் தரும் ஒரு கருவியைத் தனியாக வாங்கிச் செருகிக்கொள்ளலாம், அதற்கு இன்னொரு மின்இணைப்பு வேண்டும், அவ்வளவுதான் என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.