ஜாங்கோ டெம்ப்ளேட் ரீஃபாக்டர்: துண்டுக்குள் என்ன போகிறது என்று முதலில் சொல்லுங்கள்

ஜாங்கோ (பைத்தானில் வெப்சைட் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க்) ப்ராஜெக்ட்டில் "டெம்ப்ளேட் ரீஃபாக்டர்", அதாவது பக்கங்களின் ஹெச்டிஎம்எல் அச்சுகளை வெளியீடு மாறாமல் ஒழுங்குபடுத்துவது, என்று ஒரு டிக்கெட் வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். நாலு பக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும் ஹெச்டிஎம்எல்லை வெட்டி ஒரு ஃபைலில் போடுவார்கள், நாலு இடத்திலும் அந்தத் துண்டை இழுத்துவரும் இன்க்ளூட் டேக் எழுதுவார்கள், இவ்வளவு வரி குறைந்தது என்று புல் ரிக்வெஸ்ட்டில் பெருமையாகப் போடுவார்கள். வரி குறைந்தது வாஸ்தவம். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த ஃபைலைத் திறப்பவருக்கு அதில் வரும் 'ஐட்டம்' எங்கிருந்து வருகிறது, 'ஷோ_பிரைஸ்' வராவிட்டால் என்ன ஆகும் என்று எதுவுமே தெரியாது. உள்ளே என்னென்ன வேண்டும் என்பதை வெளியிலிருந்தே சொல்லாத துண்டைப் பொதுத் துண்டு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதை அந்தந்தப் பக்கத்திலேயே விட்டுவைப்பது மேல்.

காரணம் ஜாங்கோ வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. வெறும் இன்க்ளூட் எழுதினால், கூப்பிடும் பக்கத்தின் கான்டெக்ஸ்ட் (அந்தப் பக்கத்துக்குக் கிடைக்கும் வேரியபிள்கள்) முழுவதும் துண்டுக்குள் போய்விடும். ஃபார் லூப்புக்குள் கூப்பிட்டால் 'ஃபார்லூப்' வேரியபிள்கூட உள்ளே தெரியும். இன்னொரு பக்கம், இல்லாத வேரியபிளை எழுதினால் ஜாங்கோ கத்தாது, வெற்று ஸ்ட்ரிங் வைத்துவிட்டுப் போய்விடும். 'இஃப்' டேகில் அதே வேரியபிள் 'நன்' (None, மதிப்பு எதுவும் இல்லை) ஆகிவிடும். இந்த இரண்டும் சேரும்போதுதான் வினை. வியூவில் (பக்கத்துக்கு டேட்டா தரும் பைத்தான் கோடு) ஒருவர் 'ஐட்டம்' என்பதை 'ப்ராடக்ட்' என்று பெயர் மாற்றுவார், விலை இருந்த இடம் காலியாகும், டெஸ்ட் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

ஆகவே கை வைக்கும் முன் இரண்டு வேலை. 'ஜாங்கோ.டெம்ப்ளேட்' லாகரை டீபக் லெவலில் திறந்துவிடுங்கள், கிடைக்காத வேரியபிள்களை அது லாகில் எழுதும். அட்மின் பக்கங்களும் நிறையக் கொட்டும், அதை வடிகட்டிக்கொள்ளுங்கள். டெஸ்ட் ஓட்ட பைடெஸ்ட்-ஜாங்கோ ப்ளகின் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், டெம்ப்ளேட் வேரியபிள் இல்லையென்றால் டெஸ்ட்டையே ஃபெயில் ஆக்கும் ஆப்ஷன் அதில் இருக்கிறது. இல்லாத வேரியபிளின் இடத்தில் எதைக் காட்டுவது என்று சொல்லும் 'ஸ்ட்ரிங்_இஃப்_இன்வேலிட்' செட்டிங்கை மாற்றியும் பார்க்கலாம். ஆனால் லோக்கலில் மட்டும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. அட்மின் உட்படப் பல டெம்ப்ளேட்டுகள் வெற்று ஸ்ட்ரிங்கை நம்பியே எழுதப்பட்டவை.

அடுத்தது 'ஒன்லி'. இன்க்ளூடில் 'வித்' போட்டு வேண்டியதை மட்டும் கொடுத்து, கடைசியில் 'ஒன்லி' என்று முடித்தால் வேறு எதுவும் உள்ளே போகாது. பொதுத் துண்டு எல்லாவற்றுக்கும் இது கட்டாயம் என்று டீமில் விதியே வைக்கலாம். ஆனால் இதில் ஒரு குழி உண்டு. 'ஒன்லி' போட்டதும், எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான மதிப்புகளைத் தானாகச் சேர்க்கும் கான்டெக்ஸ்ட் ப்ராசஸர்கள் தரும் 'ரிக்வெஸ்ட்', 'யூசர்', 'மெசேஜஸ்' எல்லாம் போய்விடும், சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் (வேறு தளத்திலிருந்து போலியாக ஃபார்ம் அனுப்புவதைத் தடுக்கும் ரகசியக் குறி) சேர்த்துத்தான். துண்டுக்குள் ஃபார்ம் இருந்தால் பக்கம் பார்க்க நன்றாகவே இருக்கும், சப்மிட் அழுத்தினால் 403 (அனுமதி மறுப்பு) வரும். டீபக் மோடில் கன்சோலில் ஒரு எச்சரிக்கை வரும்தான், அதை யார் படிக்கிறார்கள்? டோக்கனையும் 'வித்'தில் பெயர் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். இன்க்ளூஷன் டேகில் (ஒரு பைத்தான் ஃபங்ஷன் தரும் மதிப்புகளை வைத்துத் துண்டை ரெண்டர் செய்யும் டேக்) இந்தத் தொல்லை இல்லை, டோக்கனை ஜாங்கோவே உள்ளே நகலெடுத்துப் போடுகிறது.

சொல்லப்போனால், மூன்று இடத்துக்கு மேல் பயன்படும் துண்டுக்கு இன்க்ளூடைவிட இன்க்ளூஷன் டேகையே நான் சிபாரிசு செய்வேன். அது ஒரு பைத்தான் ஃபங்ஷன். கட்டாயம் தரவேண்டிய ஆர்க்யுமென்டைத் தராவிட்டால் டெம்ப்ளேட் கம்பைல் ஆகும்போதே டெம்ப்ளேட் சின்டாக்ஸ் எரர் வரும். டிஃபால்ட் மதிப்பு எது என்று ஃபங்ஷனின் முதல் வரியிலேயே தெரியும். விலையை எப்படிக் காட்டுவது, தள்ளுபடி உண்டா என்ற கணக்கெல்லாம் டெம்ப்ளேட்டில் 'இஃப்' மேல் 'இஃப்' ஆகக் குவியாமல் பைத்தானில் உட்காரும், தனியாக டெஸ்ட் எழுதலாம். 'டேக்ஸ்_கான்டெக்ஸ்ட்' போட்டு முழுக் கான்டெக்ஸ்டையும் இழுத்துக்கொள்ள வசதி இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். தொட்டால் மறுபடி பழைய கதைதான். நடுவில் எதை வேண்டுமானாலும் வைக்கும் பெட்டி மாதிரியான துண்டு வேண்டுமென்றால், 2025 ஏப்ரலில் வந்த ஜாங்கோ 5.2-இல் சிம்பிள் பிளாக் டேக் இருக்கிறது. முன்பு இதற்கு நோட் கிளாஸ் எழுதிப் பார்சரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

ஒரே ஃபைலுக்குள் மட்டும் திரும்பத் திரும்ப வரும் துண்டுக்குத் தனி ஃபைல் எதற்கு? 2025 டிசம்பரில் வந்த 6.0-இல் பார்ஷியல் வசதி ஜாங்கோவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஃபைலுக்குள் ஒரு பகுதிக்குப் பெயர் வைத்து அங்கேயே பயன்படுத்தலாம், ஃபைல் பெயரோடு ஹேஷ் குறி சேர்த்து வியூவிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் ரெண்டர் செய்யலாம். ஹெச்டிஎம்எக்ஸ் (பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் சர்வரிலிருந்து வாங்கி மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குட்டி ஃபைல் வைத்துத் திண்டாடியது இதோடு போகும்.

எக்ஸ்டெண்ட்ஸையும் (பேஸ் டெம்ப்ளேட்டை எடுத்து அதன் பிளாக்குகளைச் சைல்டு டெம்ப்ளேட் மாற்றிக்கொள்ளும் வழி) இன்க்ளூடையும் கலந்து குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. இன்க்ளூட் செய்த ஃபைலுக்குள் ஒரு பிளாக் வைத்து, அதைச் சைல்டு டெம்ப்ளேட்டிலிருந்து மாற்ற முயல்வார்கள். நடக்காது. இன்க்ளூட் என்றால் அந்தத் துண்டைத் தனியாக ரெண்டர் செய்து, வந்த ஹெச்டிஎம்எல்லை ஒட்டுவது. பிளாக் அதற்குள் ஏற்கெனவே வெந்து முடிந்துவிட்டது. அதேபோல் பேஸ் டெம்ப்ளேட்டில் 'லோட்' செய்த டேக் லைப்ரரி சைல்டுக்கு வராது, ஒவ்வொரு ஃபைலிலும் எழுத வேண்டும்.

இப்போது முக்கியமான சண்டைக்கு வருவோம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது? தேடல் பக்கத்துக் கார்டும் ஆர்டர் பக்கத்துக் கார்டும் இன்று ஒரே மாதிரி இருக்கலாம். ஆனால் ஒன்றை மாற்றச் சொல்வது மார்க்கெட்டிங், மற்றதை மாற்றச் சொல்வது டெலிவரி டீம் என்றால் அவை இரண்டும் இரண்டுதான். சேர்த்தால் என்ன ஆகும்? முதலில் 'காம்பாக்ட்' என்று ஒரு ஃப்ளாக் வரும், அப்புறம் 'ஷோ_பிரைஸ்', அப்புறம் 'இஸ்_அட்மின்', அப்புறம் 'ஹைட்_பட்டன்'. நாலு ஃப்ளாக்குக்கு 16 விதமான வெளியீடு. அதில் உண்மையில் பயன்படுவது மூன்றோ நாலோ, எது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது ஃப்ளாக் கேட்கும்போதே துண்டைப் பிரித்துவிடுங்கள். உள்ளே பொதுவாக இருக்கும் படம், தலைப்பு போன்ற சின்னப் பகுதிகளை மட்டும் பகிர்ந்தால் போதும்.

வேலையைச் செய்யும் முறையிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். மாற்றப்போகும் பக்கங்களின் ஹெச்டிஎம்எல்லை டெஸ்ட் கிளையன்ட் வழியாக எடுத்து ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் ஒவ்வொரு முறையும் மாறும், நேரம் காட்டும் இடமும் மாறும், அவற்றை மட்டும் ரெகெக்ஸ் போட்டு மறைத்துவிடுங்கள். பிறகு ஒரு கமிட்டுக்கு ஒரு பக்கம். ஹெச்டிஎம்எல் அப்படியே வரவேண்டும், கிளாஸ் பெயர்கூட மாறக்கூடாது. "அப்படியே இந்த டிவ்வையும் சரி பண்ணிட்டேன்" என்று எவராவது சொன்னால் அந்தக் கமிட்டைத் திருப்பி அனுப்புங்கள், அழகுபடுத்துவது அடுத்த புல் ரிக்வெஸ்ட்டில். ஒப்பிட 'அசர்ட்ஹெச்டிஎம்எல்ஈக்வல்' நல்லதுதான், ஆனால் அது டேகுகளுக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைக் கணக்கில் எடுக்காது. துண்டைத் தனி ஃபைலுக்கு மாற்றும்போது கடைசியில் ஒரு புது வரி ஒட்டிக்கொள்ளும். இன்லைன்-பிளாக் பட்டன்களுக்கு நடுவே அது சில பிக்சல் இடைவெளியாக நிற்கும். அதனால் வெறும் டிஃப்பையும் ஒருமுறை ஓட்டுங்கள்.

ஃபைல் பெயரை மாற்றினால் பழைய பெயரைத் தேடுவது மட்டும் போதாது. 'ஆட்' ஃபில்டர் போட்டுப் பெயரைத் துண்டு துண்டாக ஒட்டி இன்க்ளூட் செய்திருப்பார்கள், அது தேடலில் சிக்காது. ஒரே துண்டு ஒரு பக்கத்தில் இரண்டு முறை வந்தால் ஐடி இரட்டிக்கும், லேபிளைத் தட்டினால் வேறு பெட்டி திறக்கும். ஃபார்ம் என்றால் ஒவ்வொன்றுக்கும் வேறு ப்ரிஃபிக்ஸ் (முன்னொட்டு) கொடுங்கள்.

வேகம் பற்றி. இன்க்ளூட் அதிகமானால் பக்கம் மெதுவாகும் என்ற பேச்சைவிட, துண்டுக்குள் ஒளிந்திருக்கும் டேட்டாபேஸ் குவெரிதான் ஆளைக் கொல்லும். கார்டுக்குள் ஆசிரியர் பெயர் என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்தக் கார்டு 50 முறை வரும் பட்டியலில் 'செலக்ட்_ரிலேட்டட்' (தொடர்புடைய டேபிளையும் ஒரே குவெரியில் எடுப்பது) இல்லையென்றால் 1 குவெரி 51 ஆகும். வியூவில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது என்பதால் ரிவ்யூவில் யார் கண்ணிலும் படாது. ஒவ்வொரு பட்டியல் பக்கத்துக்கும் குவெரி எண்ணிக்கையைச் சரிபார்க்கும் 'அசர்ட்நம்குவெரிஸ்' போட்டு ஒரு டெஸ்ட் வையுங்கள்.

பைத்தான் பக்கம் போகும் துண்டுகளில் இன்னொன்று. எஃப்-ஸ்ட்ரிங்கில் ஹெச்டிஎம்எல் கட்டி 'மார்க்_சேஃப்' (இது பாதுகாப்பானது, எஸ்கேப் வேண்டாம் என்று ஜாங்கோவிடம் சொல்வது) போடுவது எக்ஸ்எஸ்எஸ்ஸுக்கு, அதாவது பிறர் புகுத்திய ஸ்கிரிப்ட் நம் பக்கத்தில் ஓடும் தாக்குதலுக்கு, கதவைத் திறந்து வைப்பது. 'ஃபார்மேட்_ஹெச்டிஎம்எல்' மதிப்புகளை எஸ்கேப் செய்துதான் உள்ளே வைக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

டெப்லாய் செய்தபின் "லோக்கலில் சரியா இருக்கு, சர்வரில் பழைய கார்டே வருது" என்று வந்தால் முதலில், ரெண்டர் ஆன பகுதியைச் சேமித்து வைத்துத் திரும்பக் கொடுக்கும் 'கேஷ்' டேகைப் பாருங்கள். அதன் கீ, துண்டின் பெயரையும் நீங்கள் கொடுத்த வேறுபாட்டு மதிப்புகளையும் வைத்து உருவாகிறது. உள்ளே இருக்கும் ஹெச்டிஎம்எல் மாறியது அதற்குத் தெரியாது. பெயரில் 'கார்டு_வி2' என்று ஒரு எண்ணைச் சேர்த்துவிட்டால், நேரம் முடியும்வரை காத்திருக்காமல் புதியது வந்துவிடும்.