சென்னைக்கு இன்னொரு சகோதர நகரம் வேண்டாம்

வெளிநாட்டு நகரம் ஏதாவது ஒன்றோடு சென்னை புதிதாகக் கைகோக்கப் போகிறது என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். பழையவை என்ன ஆயின?

சகோதர நகரம் என்றால், நட்பாக இருப்போம், பழகுவோம் என்று இரண்டு ஊர்கள் ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொள்ளும் உறவு. ரஷ்யாவின் வோல்கோகிராட் 1960களிலிருந்தே நமக்குச் சகோதர நகரம். அமெரிக்காவின் டென்வர் 1984இல் வந்தது. டெக்சாஸில் இருக்கும் சான் அன்டோனியோ 2008இல். அப்புறம் கோலாலம்பூர். 2015இல் பிரதமர் சீனா போனபோது சோங்சிங். எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இந்த ஊர்களின் பெயர் தெரியுமா என்று கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒருவர் வோல்கோகிராட் என்றார், அதையும் விளாதிவஸ்தோக்கோடு குழப்பிக்கொண்டு. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றிக்கொண்டதோடு சரி, அதற்கப்புறம் இரண்டு வீட்டாரும் போனில்கூடப் பேசிக்கொள்ளவில்லை என்கிற நிலைமை.

இதில் ஜனங்கள்மேல் குற்றம் இல்லை. டென்வரோடு உறவு வைத்துக்கொண்ட 1984இல் சென்னைக்கு மேயரே கிடையாது. 1973இல் மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள், அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. மறுபடியும் 2016இலிருந்து 2022 வரை மன்றம் இல்லை. மேயர் மாறுவார், கமிஷனர் மாற்றலாகிப் போவார், கோப்பு பீரோவுக்குள் போய்விடும். பொன்னாடையும் நினைவுப் பரிசும் படமும் மட்டும் மிஞ்சும். கவுன்சிலர்கள் வெளிநாடு போனால் ஊர் சுற்றிப் பார்க்கப் போனார்கள் என்று பத்திரிகை எழுதும். எழுதுவதில் தப்பும் இல்லை.

டென்வர் இந்த வேலையை எப்படித் தொடங்கியது தெரியுமா? 1947இல் அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியை அமாண்டா நெக்ட், பிரான்சில் இருக்கும் பிரெஸ்ட் என்ற துறைமுக நகரத்துக்குப் போனார். போரில் குண்டு விழுந்து நாசமாகிக் கிடந்த ஊர். திரும்பி வந்து வகுப்பில் சொன்னார். பிள்ளைகள் 32,000 டாலர் திரட்டி, அங்கே ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவைத் திரும்பக் கட்ட அனுப்பினார்கள். 1948இல் இரண்டு ஊர்களும் சகோதர நகரங்கள் ஆயின. முதலில் வேலை, கையெழுத்து அதற்கப்புறம். இன்றைக்கும் அங்கே ஒவ்வொரு சகோதர நகரத்துக்கும் தனித்தனியே தன்னார்வலர் குழு இருக்கிறது. தகாயாமா, நைரோபி என்று அந்த நகரங்களின் பெயரிலேயே பூங்காக்கள் இருக்கின்றன.

வோல்கோகிராடுக்கும் அப்படி ஒரு கதை உண்டு. அந்த ஊர் ஸ்டாலின்கிராடாக இருந்து போரில் சிதைந்த காலத்தில், தானும் குண்டுவீச்சில் எரிந்திருந்த இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரப் பெண்கள் 830 பேர் ஒரு மேசை விரிப்பில் தங்கள் பெயர்களை நூலால் தைத்து, வசூலித்த பணத்தோடு அனுப்பிவைத்தார்கள். அந்த விரிப்பு இன்னும் வோல்கோகிராட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கியதும் 2022இல் கோவென்ட்ரி நகராட்சி அந்த உறவை நிறுத்திவைத்தது. நாமும் நிறுத்த வேண்டுமா என்று கேட்டால், நிறுத்துவதற்கு நம்மிடம் முதலில் ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டுமே!

சான் அன்டோனியோ விஷயம் இன்னும் கூச்சமாக இருக்கிறது. அங்கே வருஷா வருஷம் நகரத்து ஆற்றில் விளக்குகளை மிதக்கவிட்டுத் தீபாவளி கொண்டாடுகிறார்கள். என் அண்ணன் பையன் அங்கேதான் இருக்கிறான், தவறாமல் படம் அனுப்புவான். தாமரை வடிவ விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் வரிசையில் நிற்பார். பதிலுக்கு நாம் சான் அன்டோனியோவுக்காக என்ன செய்கிறோம்? ஒன்றும் இல்லை.

அந்த ஆறு சும்மா வந்ததல்ல. 1921இல் பெரிய வெள்ளம் வந்து ஊரில் பலர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு, ஊருக்குள் வளைந்து போகும் ஆற்றை என்ன செய்வது, மூடிவிடலாமா என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. 1924இல் பெண்கள் சேர்ந்து ஒரு பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். நகர நிர்வாகிகள் முன்னால் பொன்முட்டை இடும் வாத்தின் கதையைப் பொம்மலாட்டமாகவே போட்டுக் காட்டினார்கள். டென்வரிலும் 1965இல் சவுத் பிளாட் ஆறு ஊருக்குள் புகுந்தது. 1974இலிருந்து ஊர்க்காரர்கள் அந்த ஆற்றைக் கையில் எடுத்துக் குப்பையை அள்ளி, கரையில் நடைபாதை போட ஆரம்பித்தார்கள். அதாவது நமக்கு வாய்த்த இரண்டு அமெரிக்க உறவும் ஆற்றைக் கெடுத்து, வெள்ளத்தில் அடிபட்டு, திரும்ப மீட்டவை. கூவத்தையும் அடையாற்றையும் வைத்துக்கொண்டு, 2015 டிசம்பரையும் பார்த்துவிட்டு, நாம் இவர்களோடு பேசாமல் வேறு யாரோடு பேசுவது?

நான் சொல்வது பொறியாளர்கள் பேசுவதை அல்ல. அது எப்படியும் நடக்கும். டென்வரில் அந்த ஆறும் செர்ரி க்ரீக் ஓடையும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அவுரேரியா என்று ஒரு பேட்டை இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அங்கே கல்லூரி வளாகம் கட்டப்போகிறோம் என்று குடும்பங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். பெரும்பாலும் ஸ்பானியப் பூர்விகம் கொண்ட உழைப்பாளிக் குடும்பங்கள். அவர்கள் சும்மா விடவில்லை. பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு, அப்படி வெளியேற்றப்பட்டவர்களின் வாரிசுகள் அந்த வளாகத்துக் கல்லூரிகளில் கட்டணமில்லாமல் படிக்க உதவித்தொகை வந்தது.

கூவம் கரையிலிருந்தும் அடையாற்றுக் கரையிலிருந்தும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு இந்தக் கதை தெரிய வேண்டாமா? வேலைக்கு வர இரண்டு பஸ் மாறுகிற அம்மாவும், ஸ்கூல் மாறிப் படிப்பை விட்ட பையனும் அவுரேரியாக் குடும்பங்களோடு ஒரு மணி நேரம் வீடியோவில் பேசட்டும். மொழிபெயர்க்க நம் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்தப் பிரதிநிதிகள் குழுவும் கொண்டுவர முடியாத விஷயம் அதில் கிடைக்கும். என்னைக் கேட்டால், சென்னையின் டென்வர் குழுவில் பாதி இடம் பெரும்பாக்கத்துக்குத்தான்.

குழு என்றதும் எனக்கு ஒரு பயமும் வருகிறது. நல்ல இங்கிலீஷ் பேசும் பத்துப் பேர் ஒரு கிளப்பில் கூடி, பட்டுப்புடவை கட்டி, வந்தவர்களுக்குப் பரதநாட்டியம் காட்டி, சாம்பார் வடை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதோடு முடிந்தது. (பரதநாட்டியத்தோடும் வடையோடும் எனக்குச் சண்டை இல்லை.) இதற்கு மருந்து வடசென்னைதான். வோல்கோகிராடின் ரோட்டர் கால்பந்து அணி 1995இல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி ஒன்றில் மான்செஸ்டர் யுனைடெட்டையே வெளியேற்றிய அணி. கால்பந்தே கதி என்று இருக்கும் வடசென்னையின் வியாசர்பாடிப் பையன்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வோல்கோகிராட் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று அவர்களே தேடுவார்கள். நேரமும் தோது. வோல்கோகிராட் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், கோலாலம்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். சென்னைப் பள்ளிகளில் வகுப்பு நடக்கும்போதே இரண்டு ஊர்களோடும் பேசலாம்.

கோலாலம்பூருக்கு நம் ஊரில் ஆள் தேட வேண்டியதே இல்லை. பாதிப் பேருக்கு அங்கே யாராவது சொந்தக்காரர் இருப்பார். சோங்சிங்கை இப்போதைக்கு அப்படியே விடலாம், டெல்லிக்கும் பெய்ஜிங்குக்கும் சரியாகாமல் இங்கே ஒன்றும் நகராது.

மழைநீர் வடிகாலையே ஒழுங்காகக் கட்ட முடியவில்லை, இதற்கு வேறு பணமா என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. பணம் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து நன்கொடை வாங்க மத்திய அரசின் பதிவு வேண்டும், அந்தப் பக்கமே போக வேண்டாம். மாநகராட்சி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒப்பந்தங்களை எல்லோரும் படிக்கிற மாதிரி இணையதளத்தில் போடட்டும். ஒவ்வொரு ஊருக்கும் குழு அமைக்கப் பெயர் கேட்கட்டும். சனிக்கிழமை சாயந்திரம் ஒரு சமூக நலக்கூடத்தைத் திறந்துவிடட்டும். முதல் சில வருஷத்துக்கு யாருக்கும் விமான டிக்கெட் கிடையாது என்று முன்கூட்டியே அறிவித்தால், வேலை செய்ய வருகிறவர்கள் மட்டும் வருவார்கள்.

முடியுமா என்றால், சென்னையின் பிறந்தநாளாகக் கொண்டாடும் மெட்ராஸ் டேயைப் பாருங்கள். 2004இல் சென்னையின் வரலாற்றை எழுதிவந்த எஸ். முத்தையாவும் நண்பர்கள் சிலரும் தொடங்கியது. அரசாணை இல்லாமல், ஆகஸ்ட் 22ஐ ஒட்டி ஊரே தெருத்தெருவாக நடந்து கதை சொல்கிற வாரமாக அது வளர்ந்திருக்கிறது. அந்த வாரத்தில் ஒரு நாளை வருஷத்துக்கு ஒரு சகோதர நகரத்துக்குக் கொடுக்கலாம்.

முதல் வருஷம் வோல்கோகிராட் என்பது என் ஓட்டு. காரணம், ஆள் தயாராக இருக்கிறார்கள். அங்கே மருத்துவம் படித்துவிட்டு வந்து இங்கே கிளினிக் நடத்துகிற டாக்டர்கள் இருக்கிறார்கள். ரஷ்ய மொழி தெரியும், குளிர் தெரியும், வோல்கா தெரியும். அவர்களில் யாராவது இதைப் படித்தால் எனக்கு இன்பாக்ஸில் ஒரு வரி எழுதுங்கள். ஆழ்வார்பேட்டை ரஷ்யக் கலாசார மையத்தில் கேட்டுப் பார்க்க என்னோடு இரண்டு பேர் வந்தால் போதும்.