எதுக்குப் போறீங்க? சும்மாதான்.

போன சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அத்தை கேட்டார்:

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"பீச்சுக்கு, அத்தை."

"யார் கூட?"

"ஃபிரெண்ட்ஸ் கூடத்தான்."

"என்ன விசேஷம்?"

இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் எனக்கு எப்போதும் வாய் அடைத்துப்போகும். அத்தை கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர் காலத்தில் விசேஷம் இல்லாமல் படி இறங்கிய பெண்ணே கிடையாது. என் வீட்டுக்காரர் "கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்" என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. இரண்டு மணி நேரம் டீக்கடை வாசலில் நின்றுவிட்டு வருவார். எந்தக் கடை, எத்தனை டீ, என்ன பேசினீர்கள் என்று இந்த இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நாங்கள் நாலு பேர். புரசைவாக்கத்தில் ஒன்றாகப் படித்து 1996இல் பிளஸ் டூ முடித்தவர்கள். ஒருத்தி நர்ஸ், ஒருத்திக்கு ரயில்வேயில் வேலை, ஒருத்தி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள், நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எல்லோருமே பெரம்பூரைச் சுற்றித்தான் குடியிருக்கிறோம். இருந்தும் வருஷத்தில் பதினோரு மாதம் கல்யாண மண்டபத்திலோ துக்க வீட்டிலோதான் பார்த்துக்கொள்வோம். மே மாதம் மட்டும் கதை வேறு. பிள்ளைகளுக்கு லீவு. டிபன் பாக்ஸ் கிடையாது, டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுகிற வேலை கிடையாது. பழக்கதோஷத்தில் நாலரை மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, ஆனால் எழுந்து செய்ய ஒன்றும் இல்லை. அந்தக் காலி நேரத்தில்தான் பல வருஷமாக ஊர் சுற்றுகிறோம்.

கத்திரி வெயிலில் யாராவது ஊர் சுற்றுவார்களா என்று கேட்பீர்கள். சித்திரை 21இல் ஆரம்பித்து வைகாசி 14 வரை கத்திரி என்பது பஞ்சாங்கக் கணக்கு. சென்னைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு, கடற்காற்று. தரை சீக்கிரம் சூடாகிவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தரைக்கு மேலே உள்ள சூட்டுக் காற்று எழும்ப எழும்ப, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்துக் காற்று உள்ளே வரும். நடுப்பகலிலோ அதற்குக் கொஞ்சம் பின்னாலோ அது வந்துவிட்டால் பிழைத்தோம். மேற்குக் காற்று பலமாக அடிக்கிற நாளில் அது கரையிலேயே மல்லுக்கு நிற்கும், ஊருக்குள் வர நேரமாகும். அந்த மாதிரி நாட்களில்தான் பாதரசம் நாற்பதைத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அன்று மாடியில் பிழிந்த வடாம் மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது என்று அத்தை இப்போதும் பெருமையாகச் சொல்வார், ஏதோ அவரே வெயிலை வரவழைத்த மாதிரி.

ஆக, எங்கள் விதி எளிது. விடிகிற நேரத்தில் போ, இல்லையென்றால் காற்று வந்த பிறகு போ. நடுவில் வீட்டில் கிட.

விடியற்காலை என்றால் காசிமேடு. நாலு பேரும் ஒரே ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து போவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். வலை பின்னுகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், என்ஜினைப் பிரித்துப் போட்டு எண்ணெய்க் கையோடு பீடி பிடிக்கிறவர்கள். சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் போய் வரும். அதனால் மற்ற மாதங்களின் தள்ளுமுள்ளு இல்லை, நின்று வேடிக்கை பார்க்கலாம். சூரியன் கடலிலிருந்து எழும்பும்போது படகுகளின் நிழல் எங்கள் காலடி வரை நீளும். அங்கே ஏலம் கேட்பதிலும் கூடை தூக்குவதிலும் பாதிக்கு மேல் பெண்கள்தான். அந்த இருட்டு வேளையில் வீட்டை விட்டு வந்ததற்கு அவர்களிடம் யாரும் விளக்கம் கேட்பதாகத் தெரியவில்லை. ஒரு மீன்காரம்மா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மீனு வாங்க வந்தீங்களா, மீனப் பாக்க வந்தீங்களா?" என்றார். பார்க்கத்தான் வந்தோம் என்று சொல்ல தைரியம் இல்லாமல் ஆளுக்கு அரைக் கிலோ சங்கரா வாங்கினோம்.

யோசித்துப் பார்த்தால் அந்தச் சங்கரா மீன்தான் எங்கள் அனுமதிச் சீட்டு. "மீன் வாங்கப் போனேன்." முடிந்தது. பெசன்ட் நகருக்குப் போனால் அஷ்டலட்சுமி கோயில் குங்குமம். மயிலாப்பூர் என்றால் பூஜைச் சாமான். தி. நகர் என்றால் ஜாக்கெட் துணி. ஒவ்வொரு தடவையும் கையில் ஏதாவது ஒன்றோடுதான் வீடு திரும்புகிறோம். எங்கள் நாலு வீட்டிலும் குங்குமம் இப்போது டப்பா டப்பாவாக இருக்கிறது.

சாயங்காலம் என்றால் 29சி பஸ் பிடித்து பெசன்ட் நகர். மெரினா பக்கம்தானே என்பார்கள். பக்கம்தான், ஆனால் மே மாத ஞாயிற்றுக்கிழமை அங்கே மணலைத் தேடத்தான் வேண்டியிருக்கும். சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021 மே மாதம் ஆனதிலிருந்து எங்கள் சுற்றல் இரண்டு மடங்காகிவிட்டது. இதனால் மிச்சமாகும் பணத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பட்டது வேறு. மாவு விற்கும் தோழி சொன்னாள், "பஸ்ஸுக்குக் காசு கேட்டாத்தானே எதுக்குன்னு கேப்பாங்க? இப்போ கேக்குறதே இல்ல, ஏறி உக்காந்துடுறேன்." அவள் வீட்டுக் கல்லாப்பெட்டி அவள் மாமியாரிடம் இருக்கிறது.

கடற்கரையில் நாங்கள் பெரிதாக எதுவும் செய்வதில்லை. வெள்ளையாக நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் உட்காருவோம். 1930இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்த டேனிஷ்காரருக்குக் கட்டியது அது. அவர் பெயரைத் தெரியாமலே அதன் நிழலில் எத்தனை காதல் வளர்ந்திருக்கும்! மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்ப் பத்தை, சுண்டல், வரும் வழியில் வாங்கிய நுங்கு. நர்ஸ் தோழி நுங்கின் தோலைக்கூட உரிக்க மாட்டாள், தோலில்தான் சத்து என்று எங்களையும் மிரட்டித் தின்ன வைப்பாள். பேச்சு பள்ளிக்கூடத்து கணக்கு டீச்சரில் ஆரம்பித்து மூட்டுவலியில் முடியும். சில நாள் ஒரு மணி நேரம் யாரும் பேசுவதில்லை. காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். அது போதும் என்று தோன்றும்.

இப்போது கொஞ்சம் கோபமாகப் பேச வேண்டிய விஷயம். ஆண்கள் யாரும் கோடைச் சுற்றுலாப் பதிவுகளில் இதை எழுதிப் பார்த்ததில்லை. கழிப்பறை.

கோடையில் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எல்லாப் பேப்பரிலும் போடுகிறார்கள். நாங்கள் வெளியே கிளம்பும் நாளில் மத்தியானம் மூன்று மணியோடு தண்ணீரை நிறுத்திவிடுகிறோம். வழியில் எங்கே ஒதுங்குவது? பொதுக் கழிப்பறை இருக்கும், பூட்டியிருக்கும். திறந்திருந்தால் தாழ்ப்பாள் இருக்காது. தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் வராது. வெயில் காலத்தில் சிறுநீர்த் தொற்றோடு வருகிற பெண்களில் பாதிப் பேர் இப்படி அடக்கி வைத்தவர்கள் என்று நர்ஸ் தோழி சொல்வாள். அவளே மூன்று மணிக்குத் தண்ணீரை நிறுத்துகிறவள்தான். கடைசியில் கடற்கரை எதிரில் ஏதாவது ஓட்டலுக்குள் நுழைந்து, தேவையே இல்லாமல் நாலு காபி சொல்லி, பாத்ரூம் போய்விட்டு வருவோம். இலவச பஸ்ஸில் வந்து காபிக்கு ஐந்நூறு ரூபாய் அழுவது எங்களுக்குத்தான் தெரியும். மணல்வெளிக்கு அழகுவிளக்கு போடுவதற்கு முன்னால் சுத்தமான, பூட்டாத, ராத்திரி பத்து மணி வரை ஆள் இருக்கிற நாலு கழிப்பறை கட்டிக் கொடுத்தால் கடற்கரையில் பெண்களின் எண்ணிக்கை தானாகக் கூடும். விளக்கை அப்புறம் போடலாம்.

மாலுக்குப் போகலாமே, ஏசி இருக்கிறது, பாத்ரூம் பளபளக்கிறது என்று மகள் சொல்கிறாள். போனோம், ஒருமுறை. காசு செலவழிக்காமல் உட்கார ஒரு இடம் தேடியே கால் வலி வந்துவிட்டது. பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பக்கத்திலேயே பூங்கா இருக்கிறதே என்றால், அது இன்னொரு வேடிக்கை. எங்கள் பகுதியில் உள்ள பூங்காவை ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். மே மாதத்தில் எட்டு மணிக்குத்தான் பெஞ்சில் உட்கார்ந்தால் சூடு சுடாமல் இருக்கும். அப்போதுதான் வேலை முடித்து, சாப்பாடு போட்டு, பாத்திரம் ஒழித்து வருவோம். வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் காவலாளி விசில் ஊதுவார். பாவம், அவர் மேல் தப்பில்லை. வெயில் காலத்துக்கு ஒரு நேரம், மழைக் காலத்துக்கு ஒரு நேரம் என்று யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. கோடை இரண்டு மாதமாவது பத்தரை வரை திறந்து வையுங்கள் என்று மனு எழுதியிருக்கிறோம். நாலு பேர் கையெழுத்து இருக்கிறது, இன்னும் ஐம்பது சேர்த்துவிட்டுக் கொடுப்பதாக இருக்கிறோம். பாதுகாப்புக்காகத்தான் சீக்கிரம் பூட்டுகிறோம் என்று பதில் வரும், எனக்கு இப்போதே தெரியும். நாலு பெண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு ஐந்தாவது பெண் தைரியமாக வருவாள் என்பதுதான் நான் கண்ட பாதுகாப்பு.

சரி, போன சனிக்கிழமைக்கு வருகிறேன். "என்ன விசேஷம்?" என்று அத்தை கேட்டார் இல்லையா, வாய் வரை கோயில் வந்துவிட்டது. எப்படியோ விழுங்கிவிட்டு, "ஒண்ணும் இல்ல அத்தை, சும்மாதான்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சும்மாவா?" என்றார். "சும்மாதான்." "சரி, பாத்துப் போ. மோர் வெச்சிருக்கேன், குடிச்சிட்டுப் போ." மணி ஆறு. தண்ணீரை நிறுத்தி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. இருந்தாலும் குடித்தேன்.

அன்று ராத்திரி வெறும் கையோடு திரும்பினேன். அத்தை தூங்காமல் இருந்தார். சின்ன வயதில் சித்ரா பௌர்ணமிக்கு மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, ஈரம் காய்ந்த பிறகு பாய் விரித்து, தெருப் பெண்கள் எல்லாம் உட்கார்ந்து நிலாச்சோறு சாப்பிட்டதைச் சொன்னார். புளிச்சோற்றை உருட்டி உருட்டிக் கையில் வைப்பார்களாம். ஆண்களுக்கு மாடியில் இடமே கிடையாதாம். இதை எனக்கு அவர் இதுவரை சொன்னதில்லை.

இந்த வருஷம் சித்ரா பௌர்ணமி போய்விட்டது, வைகாசிப் பௌர்ணமி இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் மாடிக் கதவைப் பூட்டி இரண்டு வருஷம் ஆகிறது, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பையன்கள் போகிறார்கள் என்று காரணம். சாவி செயலாளரிடம் இருக்கிறது. நாளைக்குப் போய்க் கேட்கப் போகிறேன், அத்தையும் கூட வருகிறேன் என்கிறார். எதுக்கு என்று செயலாளர் கேட்பார்.