புள்ளி சொல்லாதது

மகளைக் கோவையில் கல்லூரி விடுதியில் விட்ட அன்று, அவள் கைபேசியில் லொகேஷன் பகிர்வைப் போட்டுவிட்டுத்தான் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். ஒன்றரை ஆண்டு அந்த நீலப் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். விடுதி, வகுப்பு, விடுதி. ஒருநாளும் தடம் மாறியதில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

இரண்டாம் செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்ததும், அதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடாமல் இரவெல்லாம் விழித்துக் கிடந்ததும் எனக்குத் தெரியாது. போன பொங்கலுக்கு வந்தபோது சுடிதார் தொளதொளவென்று தொங்கியது. கேட்டதும் உடைந்து அழுதாள்.

"ஏன்டி என்னிடம் சொல்லவில்லை?"

"படித்தது போதும் என்று கூட்டிவந்துவிடுவீர்கள் என்று பயந்தேன் அம்மா."

அவள் பயந்ததில் தவறே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் தேர்வில் தவறியபோது, "இதற்குத்தான் வெளியூருக்கு அனுப்பக் கூடாது" என்று இவள் எதிரிலேயே சொன்னவள் நான்.

ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இருவர் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களின் பெற்றோரையும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு, பிள்ளைகள் தாமாக வந்து சொன்னவை. துருவிக் கேட்டும் கட்டுப்படுத்தியும் தெரிந்துகொண்டது குறைவு. 14 வயதிலேயே இப்படியென்றால், 19 வயதுக்காரியை எதைக் கொண்டு கண்காணிப்பது?

ஊர் இருக்கும் நிலையில் பயப்படாதீர்கள் என்று எந்தத் தாயிடமும் சொல்லமாட்டேன். எனக்கும் பயம்தான். ஆனால் 18 வயதில் ஓட்டுப் போடலாம் என்று 1989இலேயே சட்டம் வந்துவிட்ட நாட்டில், ஓட்டுப் போடும் பெண் கடைத்தெருவுக்குப் போக, விடுதியில் அப்பாவின் அனுமதி கேட்கிறார்கள். என் மகன் சென்னையில் படித்த நான்கு ஆண்டும் எங்கே இருக்கிறான் என்று நான் ஒருமுறைகூடத் தேடிப் பார்த்ததில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

லொகேஷனை நானே நிறுத்தச் சொன்னேன். நடுராத்திரியில் என்னிடம் பேச மனமில்லை என்றால் அங்கே பேசட்டும் என்று, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ அவள் கைபேசியில் பதிந்து கொடுத்தேன். முதல் மாதம் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு அவளே அழைத்தாள். ஓர் அரியர் இன்னும் பாக்கி, இந்த முறையும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறதாம். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். அரைமணி நேரம் அவள்தான் பேசினாள்.